கொக்கிரகுளம் சரியாகத் தெரிகிறதா?

தமிழ் படிக்க மின்னூல் கருவி வாங்கிய கதை இது. எங்கள் வீடு திருநெல்வேலி சிந்துபூந்துறையில் இருக்கிறது. ஆற்றுக்கும் வாசலுக்கும் நடுவே இரண்டே தெரு. 2023 டிசம்பர் 17 அன்று தெற்கே பெய்த மழை எல்லாருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். மறுநாள் தாமிரபரணி தார்சாவில் ஏறி, பட்டாசலுக்குள் வந்து, புத்தகம் அடுக்கியிருந்த இரும்பு அலமாரியின் மூன்றாவது தட்டை நனைத்துவிட்டுத்தான் நின்றது. அப்பாவையும் அரிசி மூட்டையையும் மச்சுக்கு ஏற்றவே நேரம் சரியாக இருந்தது. புத்தகத்தை யார் நினைத்தார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு மொட்டை மாடியில் கொடி கட்டி, துணி கிளிப் மாட்டிக் காயப்போட்டோம். சாணித்தாள் புத்தகங்கள் உப்பி, அப்பளம் மாதிரி நெளிந்தாலும் படிக்கிற நிலைக்குத் திரும்பின. வழவழப்புத் தாளில் அச்சடித்தவை காய்ந்ததும் செங்கல்லாக ஒட்டிக்கொண்டன. பிரித்தால் எழுத்தோடு உரிந்து வந்தது. அந்தத் தாளை ஈரம் இருக்கும்போதே பக்கம் பக்கமாகப் பிரித்துவிட வேண்டுமாம். எங்களுக்கு அது தெரிந்தபோது நூற்றுச் சொச்சம் புத்தகம் எடைக்குப் போயிருந்தது.

என் மனைவி கோபப்படவில்லை. "இனி வாங்குறத மச்சுலதான் வைக்கணும். மச்சுல எடம் இல்ல" என்று மட்டும் சொன்னாள். அவள் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லை. அப்படித்தான் மின்னூல் கருவி பக்கம் போனேன்.

போனிலேயே படித்தால் என்ன என்று முதலில் எனக்கும் தோன்றியது. எனக்கு வேலை அம்பாசமுத்திரத்தில். செங்கோட்டை வண்டியில் போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ஒரு வாரம் போனில் படித்துப் பார்த்தேன். சேரன்மகாதேவி தாண்டியதும் ஜன்னல் வெயில் திரையில் விழுந்தால் என் முகம்தான் தெரிந்தது. வீரவநல்லூர் வருவதற்குள் வாட்ஸப்பில் யாராவது காலை வணக்கம் அனுப்பிவிடுவார்கள். கல்லிடைக்குறிச்சியில் இறங்குகிறவர்களின் பை முழங்கையில் இடிக்கும்போதுதான் கதையை விட்டு எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்பது தெரியும்.

மின்னூல் கருவியின் மின்மைத் திரை (இ-இங்க்) வேறு ஜாதி. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய உறைகளுக்குள் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள் இருக்கின்றன. மின்சாரம் கொடுத்தால் வேண்டிய துகள் மேலே வருகிறது, வந்தது அங்கேயே நிற்கிறது. பக்கம் திருப்பும்போது மட்டும்தான் திரைக்கு மின்சாரம் செலவு. அதனால்தான் ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் ஓடுகிறது. ஒளியும் பின்னாலிருந்து கண்ணைக் குத்தாமல், ஓரத்து விளக்கிலிருந்து திரையின் மேல் படர்கிறது. வெயிலில் தாள் எப்படித் தெரியுமோ அப்படித்தான் இதுவும் தெரியும். வெள்ளத்தின்போது எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை, போன் சிக்னலும் இல்லை. அப்போது இது ஒன்று கையில் இருந்திருந்தால் மச்சில் பொழுது போயிருக்கும் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன்.

சரி, வாங்குவோம் என்று இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், தெரிந்தவர் ஒருவரிடம் சும்மா கிடந்த பழைய கருவியைச் சல்லிசாக வாங்கியது. கம்பெனி பெயர் வேண்டாம். அது செய்யப்பட்ட காலத்தில் தமிழை யாரும் எதிர்பார்க்கவில்லை, அவ்வளவுதான். ஆங்கிலப் புத்தகம் அருமையாகத் தெரிந்தது. இணையத்திலிருந்து இறக்கிய தமிழ்க் கதை ஒன்றைத் திறந்து அப்பாவிடம் கொடுத்தேன். அப்பாவுக்கு 78 வயது. தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுத்துப் பிழை பொறுக்க மாட்டார். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி நாலு வரி பார்த்துவிட்டு, "ஏல, இது கொக்கிரகுளத்தையே எழுதத் தெரியாம முழிக்கே. இத வச்சு என்னத்தப் படிக்கப் போற?" என்றார்.

வாங்கிப் பார்த்தேன். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற கொக்கிரகுளம்தான் கதையிலும் வந்தது. முதல் எழுத்தில் ககரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக்கொம்பு, ககரத்துக்குப் பின்னால் போய், ஒரு புள்ளி வட்டத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு தனியாக நின்றது. துணைக்கால் அதற்கும் அப்பால். 'கி' என்பதில் மேலே வளைய வேண்டிய மேல்விலங்கு, எழுத்தை விட்டு விலகிக் காற்றில் தொங்கியது. நாலு வரி படித்தாலே தலை சுற்றியது.

காரணம் இதுதான். ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழை நாம் சொல்கிற வரிசையில்தான் சேமிக்கிறார்கள்: முதலில் ககரம், பிறகு உயிர்க்குறி. ஆனால் எழுதும்போது கொம்பு முன்னால் வர வேண்டும். ஒகர உயிர்மெய் என்றால் ஒரே குறி இரண்டாகப் பிரிந்து, எழுத்துக்கு இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று உட்கார வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய வேண்டியது கருவியின் மென்பொருள். அதற்கு அது தெரியாவிட்டால் நல்ல எழுத்துருவைப் போட்டாலும் பயன் இல்லை. நான் நாலு எழுத்துரு மாற்றிப் பார்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்தேன்.

அன்றிலிருந்து யார் கருவியைக் காட்டினாலும் என்னிடம் ஒரு சோதனைத் தாள் உண்டு. எல்லாம் நம் ஊர்ப் பெயர்தான். திருநெல்வேலி: ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன. பாளையங்கோட்டை: இரட்டைக்கொம்பும் காலும் ககரத்தைச் சரியாக அணைத்து நிற்கின்றனவா, ளகரத்துக்கு இணைக்கொம்பு முன்னால் வருகிறதா. ஸ்ரீவைகுண்டம்: ஸ்ரீ உடைந்து 'ஸ்', 'ரீ' என்று தனித்தனியாக வந்தால் அந்த எழுத்துரு அரைகுறை. மணிமுத்தாறு: ணகரத்தின் சுழிகள் அடைத்துக்கொண்டு னகரம் மாதிரித் தெரிகிறதா. கடைசியாகக் கொக்கிரகுளம். இந்த ஐந்தையும் ஒரு கோப்பில் தட்டி, ஈபப் என்ற மின்னூல் வடிவமாக்கி, போனிலேயே வைத்திருக்கிறேன். கருவியில் ஏற்றித் திறந்து பார்க்க இரண்டு நிமிடம் ஆகாது.

மணிமுத்தாறுக்காகத்தான் திரையின் நுணுக்கத்தையும் பார்க்கச் சொல்வேன். பழைய மலிவுக் கருவிகளில் அங்குலத்துக்கு 167 புள்ளிதான். ஆங்கிலத்துக்கு அது போதும். நம் ஞகரமும் ணகரமும் சிறிய அளவில் அதில் மசிப்பொட்டாகிவிடும். இப்போது வருகிற ஆறு அங்குலக் கருவிகள் பெரும்பாலும் 300 புள்ளி. இரண்டாம் கையாக வாங்குகிறவர்கள் இதைக் கேட்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

இவ்வளவு பட்ட பிறகும் நான் செய்தது என்னவென்றால், கருவிகளை வரிசையாக எழுதி வைத்துக்கொண்டு ஒப்பிட்டதுதான். எதற்கு எத்தனை கிராம், எதில் எத்தனை ஜிபி, எதன் விளக்கு மஞ்சளாக மாறும் என்று ராத்திரி பன்னிரண்டு மணி வரை. ஒரு மாதம் போனது. அப்பாதான் ஒரு நாள் நாள்காட்டித் தாளைக் கிழித்து நீட்டினார். "நீ என்னென்ன படிக்கணும்னு நெனைக்கியோ அதை மொதல்ல எழுது. அது எங்க கெடைக்குன்னு பாரு. பொறவு பெட்டியப் பாப்போம்." முப்பது வருஷம் மனு வாங்கியவர், எந்த மனுவுக்கு எந்த ஜன்னல் என்று பார்ப்பது அவருக்குப் பழக்கம்.

பன்னிரண்டு புத்தகம் எழுதினேன். தேடிப் பார்த்ததில் ஐந்து அமேசானின் கிண்டில் மின்னூல் கடையில் விலைக்கு இருந்தன. இரண்டு, காப்புரிமை விட்டவர்களின் பழைய எழுத்து. ஈபப் வடிவில் இலவசமாகவே கிடைத்தன. மூன்று, பழைய அச்சுப் பிரதியை ஸ்கேன் எடுத்த பிடிஎஃப். மீதி இரண்டு தாளில் மட்டும்தான். அந்த நாள்காட்டித் தாளைப் பார்த்ததும் ஒரு மாதக் குழப்பத்தில் பாதி தீர்ந்துபோனது.

கிண்டில் பக்கம் சாய வைத்தது அந்த ஐந்துதான். அமேசான் 2016 இறுதியிலேயே தமிழ் மின்னூல்களை விற்கத் தொடங்கிவிட்டது. இன்று எழுதுகிறவர்களில் பலர் தாங்களே அங்கே நேரடியாக வெளியிடுகிறார்கள். மாதச் சந்தா கட்டினால் ஒரே நேரத்தில் 20 புத்தகம் வரை இரவல் எடுத்துப் படிக்கலாம். இது வாடகை வீடு மாதிரி; சந்தாவை நிறுத்திய மாதம் புத்தகமெல்லாம் போய்விடும். மாதம் மூன்று நான்கு படிக்கிறவருக்குக் கட்டும். எனக்குக் கட்டியது. அப்பா ஒரே புத்தகத்தை மூன்று மாதம் படிப்பார், அவருக்கு விலைக்கு வாங்குவதே லாபம்.

விலைக்கு வாங்கினாலும் அது நம் கணக்கோடு பூட்டப்பட்டதுதான் என்பதை மறக்கக்கூடாது. வாங்கிய கோப்பைக் கணினியில் இறக்கி, கம்பி வழியாகக் கருவிக்கு ஏற்றுகிற வசதியை 2025 பிப்ரவரி 26-இல் எடுத்துவிட்டார்கள். நல்ல பக்கமும் உண்டு: கருவி தொலைந்தாலும் உடைந்தாலும் வேறு கருவியில் கணக்கைத் திறந்தால் வாங்கியதெல்லாம் வந்து உட்கார்ந்துவிடும். அப்பா கருவியும் என் கருவியும் ஒரே கணக்கில்தான் ஓடுகின்றன, ஒருவர் வாங்கினால் இருவருக்கும் ஆயிற்று. கடவுச்சொல்லை வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள். என் மனைவி பீரோவில் ரேஷன் கார்டோடு எழுதி வைத்திருக்கிறாள்.

இலவச ஈபப்பைக் கிண்டிலில் படிக்க ஒரு சுற்று வழி உண்டு. கம்பி மாட்டி ஈபப்பை அப்படியே நகலெடுத்தால் கருவி அதைக் கண்டுகொள்ளாது. அமேசானின் 'செண்ட் டு கிண்டில்' பக்கத்தில் ஏற்றினால் அவர்களே மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். மின்னஞ்சல் வழி என்றால் 50 எம்பி வரை, வலைப்பக்கம் வழி என்றால் 200 எம்பி வரை. மோபி என்ற பழைய வடிவக் கோப்புகளை இப்போது அந்த வழியில் வாங்குவதில்லை. அதனால் மின்னூல் தளங்களில் இரண்டும் இருந்தால் ஈபப்பையே எடுங்கள்.

கிண்டில் மாதிரியே இன்னொரு மின்னூல் கருவி கோபோ. அதை நான் நேரில் பார்த்தது அத்தான் கையில். அக்காள் வீட்டுக்காரர், சிங்கப்பூரில் இருக்கிறார், பொங்கலுக்கு வந்திருந்தார். நம் ஊர்க் கடைகளில் அதை நான் கண்டதில்லை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவந்தால்தான் உண்டு. அவருக்கு அது ஏன் பொருந்துகிறது என்று கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. அங்கே நூலக அட்டை இருந்தால் மின்னூலைக் கருவியிலிருந்தே இரவல் எடுக்கலாம். "மாப்ளே, நான் புத்தகத்துக்குன்னு காசு செலவழிச்சே ரெண்டு வருசமாச்சு" என்றார். பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் எனக்கும் அட்டை உண்டு. ஆனால் அதைக் காட்டிப் புத்தகத்தைக் கையில்தான் வாங்கிவர முடியும். கோபோவின் பெரிய கவர்ச்சி நமக்கு இங்கே இல்லாமல் போகிறது.

மற்றபடி அதில் மனசுக்குப் பிடித்தது, ஈபப் கோப்பை நேரே நகலெடுத்துப் போட்டால் திறக்கிறது என்பது. யாரிடமும் அனுப்பி மாற்றி வாங்க வேண்டியதில்லை. எழுத்துருவும் அப்படியே: கணினியில் இணைத்து, எழுத்துருக்களுக்கான ஒரு கோப்புறையை உண்டாக்கி, அதற்குள் நோட்டோ செரிஃப் தமிழையோ மீரா இனிமையையோ போட்டால் பட்டியலில் வந்துவிடும். கிண்டிலிலும் இப்போது இந்த வசதி இருக்கிறது. ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: கோபோ சாதாரண ஈபப்பை ஒரு மென்பொருளாலும், தனக்கே உரிய 'கெபப்' வடிவத்தை இன்னொரு மென்பொருளாலும் திறக்கிறது. அதனால் ஒரே புத்தகம் இரண்டிலும் ஒரே மாதிரித் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. சோதனைத் தாளை இரண்டு வடிவிலும் போட்டுப் பாருங்கள். மாற்றிக்கொடுக்க 'காலிபர்' என்ற இலவச மென்பொருள் போதும். கோவித் கோயல் என்ற இந்தியர் 2006-இல் தொடங்கியது, எந்தக் கருவி வாங்கினாலும் அது கணினியில் இருக்கட்டும். இன்னும் கொஞ்சம் மெனக்கெடத் தயார் என்றால் 'கோரீடர்' என்ற திறமூலச் செயலியைக் கோபோவிலும், பாக்கெட்புக் என்ற இன்னொரு கருவியிலும் நிறுவலாம். தமிழ் எழுத்தை அது ஒழுங்காகக் கோக்கிறது.

இனி அந்த மூன்று ஸ்கேன் புத்தகங்கள். மொத்தக் கதையிலும் என்னை அதிகம் அலைக்கழித்தவை இவைதான்.

தமிழில் அரிய நூல்கள் எவ்வளவோ தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இலவசமாக இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் பக்கங்களைப் படம் எடுத்த பிடிஎஃப். ஆறு அங்குலத் திரையின் அகலம் ஒன்பது சென்டிமீட்டர் சொச்சம். ஏ4 தாளின் அகலம் 21. தாளில் 12 பாயிண்ட் அளவில் இருக்கிற எழுத்து, திரையில் 5 பாயிண்டுக்குச் சுருங்கிவிடும். மருந்துச் சீட்டின் பின்பக்கம் மாதிரி. கருவியைப் படுக்கவைத்து, ஓர வெள்ளையை வெட்டி, பாதிப் பாதிப் பக்கமாகப் படிக்கலாம். நான் ஒரு புத்தகம் அப்படிப் படித்து முடித்தேன். இன்னொன்று படிக்க மாட்டேன்.

பிடிஎஃப்பைக் காலிபரில் ஈபப் ஆக்கினால் போயிற்று என்று பலர் சொன்னார்கள். படமாக இருப்பதை மாற்றினால் படமாகவேதான் வரும். சரி, தட்டச்சு செய்த பிடிஎஃப் ஒன்றை எடுத்து மாற்றினேன். அது பாமினி எழுத்துருவில் அடித்தது போல. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள், மேலே தமிழ் முகமூடி. மாற்றியதும் முகமூடி கழன்று, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக முந்நூறு பக்கம் வந்தது. அப்பா அதையும் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சில மின்னூல் தளங்கள் இந்தச் சிக்கலை முன்பே பார்த்திருக்கின்றன. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஒரே புத்தகத்தை ஈபப், ஏ4 பிடிஎஃப், 'ஆறு அங்குல பிடிஎஃப்' என்று தனித்தனியாகத் தருகிறார்கள். அந்தக் கடைசி வடிவம் எதற்கு என்று ரொம்ப நாள் விளங்காமல் இருந்தேன். தமிழைக் கோக்கத் தெரியாத கருவிகளுக்காக, பக்கத்தையே திரை அளவுக்கு அச்சுக் கோத்துக் கொடுத்திருக்கிறார்கள். நான் வாங்கிய பழைய கருவிக்கு அதனால் மறுவாழ்வு கிடைத்தது. எழுத்தைப் பெரிதாக்க முடியாதே தவிர, கொம்பெல்லாம் அததன் இடத்தில் நிற்கிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் கிடைக்கிறது. அங்கே ஒருங்குறி வடிவம் எதுவோ அதைத் தேர்ந்தெடுங்கள்.

ஸ்கேன் பிடிஎஃப்புக்கு உண்மையான மருந்து பெரிய திரைதான். என் சித்தி மகள் அபிஷேகப்பட்டியில், மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவி. அவள் வைத்திருப்பது ஆன்ட்ராய்டில் ஓடுகிற பூக்ஸ் என்ற மின்மைத் திரைக் கருவி, 10.3 அங்குலம். சாதாரணத் தமிழ்ப் புத்தகப் பக்கம் ஒன்று அந்தத் திரையில் ஏறக்குறைய அதே அளவில் அடங்குகிறது. பேனாவால் ஓரத்தில் குறிப்பும் எழுதுகிறாள். கிண்டில் செயலி, கூகுள் பிளே புக்ஸ் என்று எல்லாக் கடையையும் அதிலேயே திறக்கிறாள். "அண்ணே, எல்லாம் ஓடும். ஓடுதுன்னு எல்லாத்தையும் போட்டா போன் ஆயிரும்" என்றாள். அதன் விலைக்கு இரண்டு மூன்று சின்னக் கருவி வாங்கலாம், பேட்டரியும் கிண்டில் மாதிரி வாரக்கணக்கில் நிற்காது. தினமும் ஸ்கேன் பிரதியோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு மட்டும் அது. வருஷத்துக்கு மூன்று புத்தகத்துக்காக நான் அதை வாங்குவது, கோழிக்குஞ்சுக்குக் கோட்டை கட்டுகிற கதை. அந்த மூன்றையும் வீட்டுக் கணினியிலேயே படித்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

வண்ணத் திரையைப் பற்றியும் சிலர் கேட்டார்கள். வண்ணம் வரும்போது நுணுக்கம் 150 புள்ளிக்கு இறங்கும், திரையும் கொஞ்சம் மங்கலாக இருக்கும். படக்கதை படிக்கிற பிள்ளைகள் வீட்டில் இருந்தால் பாருங்கள். எனக்குத் தேவைப்படவில்லை.

கடைசியில் வாங்கியது இரண்டு கிண்டில். எனக்கு ஆறு அங்குல அடிப்படை மாடல். 158 கிராம், ரயிலில் நின்றுகொண்டு ஒரு கையில் பிடிக்க அதுதான் தோது. அப்பாவுக்குப் பேப்பர்வைட். கொஞ்சம் பெரிய திரை, விளக்கை மஞ்சளாக்கலாம், தண்ணீரும் தாங்கும். தண்ணீர் தாங்கும் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, "வெள்ளத்துல போட்டா தாங்குமா?" என்றார். இரண்டு மீட்டர் ஆழத்தில், நல்ல தண்ணீரில், ஒரு மணி நேரம் என்பதுதான் கணக்கு. எங்கள் பட்டாசலுக்குள் வந்தது அந்த வகைத் தண்ணீர் இல்லை. குற்றாலத்தில் சாரலில் நனைந்தால் பயப்பட வேண்டாம், அந்த மட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கிய ஏழாவது வாரம் என் கருவி உடைந்தது. முழுக்க என் தப்பு. உறை வாங்க ஐந்நூறு ரூபாய் யோசித்துவிட்டு, துணிப்பையில் தூக்குச்சட்டியோடு போட்டிருந்தேன். அம்பாசமுத்திரத்தில் இறங்கும்போது கூட்டம் நெருக்கியது. ஆபீஸில் எடுத்துப் பார்த்தால் வெளியே ஒரு கீறல்கூட இல்லை. உள்ளே மட்டும் பாதித் திரை உறைந்துபோய், முந்தின நாள் படித்த பக்கத்தின் ஏழு வரி அப்படியே நின்றது. இந்தத் திரைகளின் உள்ளே இருப்பது மெல்லிய கண்ணாடித் தகடு. போன் கண்ணாடியைப் போல அடி தாங்காது. ஜங்ஷனில் போன் ரிப்பேர் பார்க்கிற தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி, இதுக்கு டிஸ்ப்ளே வரவழைச்சு மாத்துற காசுக்கு நீங்க புதுசே வாங்கிரலாம்" என்று கையில் கொடுத்தான். நேர்மையான ஆள். மூடி வைத்த உறை இருந்திருந்தால் பிழைத்திருக்கும். இப்போது இருக்கிற இரண்டாவது கருவிக்கு, பெட்டியைப் பிரிக்கும் முன்பே உறை வாங்கிவிட்டேன். தூக்குச்சட்டிக்குத் தனிப்பை.

உடைந்த அன்று ராத்திரி போனில் கணக்கைத் திறந்தேன். வாங்கிய ஐந்து புத்தகமும், எந்தப் பக்கத்தில் விட்டேன் என்பதும் இருந்தது. நானே தேடிச் சேர்த்து, கிண்டில் ஏற்கிற வடிவில் கம்பி வழியாக ஏற்றியிருந்த அறுபது எழுபது கோப்புகளில் கணினியில் பிரதி வைக்காதவை போனது போனதுதான். இரண்டாம் முறை வெள்ளம் வந்த மாதிரி இருந்தது. இப்போது எல்லாம் காலிபரில் ஒரு பிரதி, பென்டிரைவில் ஒரு பிரதி. பென்டிரைவ் பாவூர்சத்திரத்தில் மாமனார் வீட்டில் இருக்கிறது. அங்கே ஆறு வராது.

அப்பாவுக்குப் பழக்குவது பெரிய வேலையாக இருக்கும் என்று நினைத்தேன், இல்லை. எழுத்தை நன்றாகப் பெரிதாக்கிக் கொடுத்தேன். ஒரு பக்கத்துக்குப் பத்து வரிதான் வருகிறது, அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பிரச்சினை வேறு இடத்தில். அறுபது வருஷமாக விரலை நாக்கில் தொட்டுப் பக்கம் திருப்பியவர் அவர். ஈர விரல் பட்டால் திரை சில சமயம் இரண்டு பக்கம் தாண்டும், சில சமயம் அசையாது. பக்கம் திருப்பப் பொத்தான் வைத்த கருவி வாங்கியிருக்கலாமோ என்று தோன்றியது. கோபோவில் பக்கவாட்டுப் பொத்தான் உள்ள லிப்ரா மாடல் அத்தான் கையில் பார்த்ததுதான். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு வாங்குவதாக இருந்தால், அவர்கள் தாளை எப்படித் திருப்புகிறார்கள் என்று ஒரு நாள் கவனித்துவிட்டு வாங்குங்கள்.

அத்தான் அடுத்த முறை வரும்போது அந்த மாடலைக் கொண்டுவரட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன். "வேண்டாம்ல, இருக்கது போதும்" என்றார். வெள்ளன எழுந்து தார்சாவில் சாய்வு நாற்காலியைப் போட்டு, விரலை நாக்கில் தொட்டு, தோளில் கிடக்கிற துண்டில் துடைத்து, பிறகு பக்கத்தைத் திருப்புகிறார்.

தாளில் மட்டும் கிடைத்த அந்த இரண்டில் ஒன்று பாளையங்கோட்டைப் புத்தகத் திருவிழாவில் கிடைத்துவிட்டது. மச்சில் இடம் பண்ணி வைத்திருக்கிறேன். இன்னொன்றைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.